படிவத்தின் பின்பக்கத்தில் பதினேழு பேர்

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து ஜெயந்தி போன் செய்தாள். இப்போது அங்கே ஆசிரியர் பயிற்றுநராக இருப்பவள். நான் ஓய்வு பெற்ற அன்று எனக்குப் போட்ட மாலையை வாங்கி வந்தவளும் அவள்தான். பள்ளியை விட்டு நின்றுவிடக்கூடிய பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சியாம், நான் வந்து பத்து நிமிடம் பேச வேண்டுமாம். "அனுபவம் உள்ளவங்க ஒருத்தராச்சும் பேசணும்னு சர்க்குலர்ல இருக்கு மேடம்" என்றாள். சர்க்குலரில் இருந்ததால் போனேன்.

அங்கே எல்லோர் கையிலும் ஒரு தாள். நடுவில் சின்ன வட்டம், அதற்குள் மாணவர் பெயர். சுற்றிலும் குடும்பம், நண்பர்கள், பள்ளி, சமூகம் என்று நான்கு வட்டங்கள். தலைப்பு, 'மாணவரின் ஆதரவு வலைப்பின்னல்.' வட்டங்களை நெருக்கி அடித்திருந்தார்கள். குடும்பம் என்ற இடத்தில் 'அம்மா' என்று எழுதினால் இடம் தீர்ந்துவிடும். நாட்டுக்கே காலண்டர் அடித்துக் கொடுக்கிற ஊருக்குப் பக்கத்தில் இப்படி ஓர் அச்சா என்று நினைத்துக்கொண்டேன். தாளை நிரப்பி, பிறகு அதையே செல்போனில் ஏற்ற வேண்டுமாம். பிள்ளை சிவப்பா மஞ்சளா பச்சையா என்று போனே சொல்லிவிடுமாம்.

என் பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் என்னை அறிமுகப்படுத்துவதில் போயிற்று. ஐந்தாவது நிமிடத்தில் டீ வந்தது. டீக்கும் வடைக்கும் பிறகு பேசுகிறவரை யாரும் கேட்பதில்லை. நானும் அந்தக் காலத்தில் கேட்டதில்லை. ஆகையால் மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் அடிப்படையில் கணக்கு டீச்சர். ஏழு வருடம் வகுப்பில் நின்றேன். பிறகு ஆசிரியர் பயிற்றுநராகப் போட்டார்கள். பத்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். அதில் நினைவிருப்பது மதியச் சாப்பாடு மட்டும். வேலை என்னவென்றால், ஒதுக்கப்பட்ட பள்ளிகளைச் சுற்றி வந்து பார்க்க வேண்டும். கோடை விடுமுறையிலும் பிறகு பருவத்துக்கு ஒருமுறையும் வீடு வீடாகப் போய், பள்ளிக்குப் போகாத பிள்ளை யார், போவதை நிறுத்தப் போகிற பிள்ளை யார் என்று பட்டியல் எடுக்க வேண்டும்.

ஏழாயிரம்பண்ணை, அச்சங்குளம் பக்கம் வீடு வீடாகப் போவதில் ஒரு சிக்கல் உண்டு. வீடுகள் இருக்கும், ஆட்கள் இருக்க மாட்டார்கள். காலை ஆறு மணியிலிருந்து ஒவ்வொரு கம்பெனி வேனாக வந்து பெண்களை அள்ளிக்கொண்டு போய்விடும். பதினொரு மணிக்குத் தெருவில் நின்றால் பூட்டுகள்தான் நம்மைப் பார்க்கும். பூட்டிடம் பிள்ளை என்ன வகுப்பு என்று கேட்க முடியாது. முதல் வருடம் முழுக்க 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதி எழுதி என் கையெழுத்து அழகானது.

அப்போது எங்களுக்கு மேற்பார்வையாளராக வந்தவர் பரமசிவம் சார். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் பேனா இருக்காது, பென்சில் இருக்கும். நாங்கள் கொடுக்கும் படிவத்தை மேஜையில் வைத்து, ஒரு இரும்பு ஸ்கேலை முதல் வரிக்குக் கீழே வைப்பார். அந்த வரியைப் படித்துவிட்டு ஸ்கேலை அடுத்த வரிக்கு இறக்குவார். நாற்பது படிவம் என்றாலும் அப்படித்தான். எதிரே நாம் நிற்க வேண்டியதில்லை, உட்காரலாம்; ஆனால் உட்கார்ந்தவர் யாரும் நிம்மதியாக உட்கார்ந்ததில்லை. சத்தம் போடவே மாட்டார். தவறு கண்ட இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு, படிவத்தை நம் பக்கம் திருப்பி வைப்பார். அவ்வளவுதான். சத்தம் போடுகிற அதிகாரியின் கீழ் வேலை பார்ப்பது எவ்வளவு சுகம் என்று அவர் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

நின்றுபோன பிள்ளைகளுக்குக் காரணம் எழுதும் கட்டத்தில் நான் எப்போதும் 'வறுமை' என்று எழுதுவேன். சுருக்கமான சொல், யாரும் மறுக்க மாட்டார்கள். முதல் மாதமே பன்னிரண்டு படிவத்திலும் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி விழுந்தது.

"அந்தத் தெருவுல வேற வீட்டுல எல்லாம் வசதியா இருக்காங்களா டீச்சர்?" என்று கேட்டார்.

"இல்ல சார். எல்லாரும் பட்டாசு வேலைக்குத்தான் போறாங்க."

"அந்தப் பிள்ளைங்க எல்லாம் வருதுல்ல. இது மட்டும் ஏன் நின்னுச்சு? அதை எழுதுங்க."

அதை எழுதப் படிவத்தில் கட்டம் கிடையாது. அதற்காக அவர் ஒரு முறை வைத்திருந்தார். நின்றுவிடுமோ என்று சந்தேகப்படுகிற பிள்ளை ஒவ்வொன்றுக்கும் படிவத்தைத் திருப்பி, வெற்றுப் பின்பக்கத்தில், காலை எழுந்ததிலிருந்து சாயங்காலம் வீடு திரும்பும் வரை அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆட்களை வரிசையாக எழுத வேண்டும். என்ன உறவு, என்ன சாதி, என்ன வேலை, எதுவும் வேண்டாம். பெயர் போதும். முன்பக்கத்தை நகலெடுத்துச் சென்னைக்கு அனுப்புவோம். பின்பக்கத்தை யாரும் நகலெடுப்பதில்லை என்பதால் அது எங்களிடமே இருக்கும். நான்கு பெயருக்குக் கீழே இருந்தால் அந்த வீட்டுக்கு மாதம் ஒரு முறை போக வேண்டும் என்பது அவர் போட்ட விதி. எந்த அரசாணையிலும் அது இல்லை.

இப்போது சங்கரேஸ்வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழாயிரம்பண்ணைக்குத் தெற்கே அவள் ஊர். ஊர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதுக்கு ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஊர் மேல்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். இந்த எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில்தான் எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் சத்தமில்லாமல் கழன்றுகொள்வார்கள். அரசு சைக்கிள் கொடுக்கும், ஆனால் பதினொன்றாம் வகுப்பில். அதுவரை எப்படியாவது வந்து சேர்ந்த பிள்ளைக்குத்தான் சைக்கிள்.

அவள் அப்பா கேரளாவுக்கு வேலைக்குப் போனவர் அங்கேயே இருந்துவிட்டார். அம்மா பாண்டியம்மாள் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில். ஜூன் மாதம் ஒரு நாள் காலை ஐந்தே முக்காலுக்கு அவள் வீட்டு வாசலைப் பிடித்தேன். தூக்குவாளியோடு கிளம்பிக்கொண்டிருந்தாள். பிள்ளை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்ப வேண்டாம் என்றேன். வேன் வருவதற்குள் நடந்துகொண்டே கேட்டேன், நடந்துகொண்டே சொன்னாள். பின்பக்கத்துக்கு மூன்று பெயர் கிடைத்தன: அம்மா, வகுப்பு டீச்சர், பக்கத்து வீட்டுச் செல்வி.

"பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போகுது?" என்று கடைசியாகக் கேட்டேன்.

"அது போயிரும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிவிட்டாள்.

போக்குவரத்து என்ற கட்டத்தில் 'பேருந்து' என்று எழுதினேன். அந்த ஊருக்குப் பேருந்து உண்டு என்று எனக்குத் தெரியும். என் இருபத்தாறு வருட வேலையில் நான் செய்த பெரிய தவறு அந்த ஒரு சொல்தான். அன்றைக்கு அது ஒரு கட்டத்தை நிரப்பிய வேலையாகத்தான் தெரிந்தது. பரமசிவம் சாரின் ஸ்கேலும் அதைத் தாண்டிப் போய்விட்டது.

ஆவணி மாதம். தீபாவளி ஆர்டருக்குக் கம்பெனிகள் பறந்துகொண்டிருந்த சமயம். காலை ஏழரை மணிக்கு ஸ்கூட்டரில் வேறொரு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தேன். அச்சங்குளம் பக்கம் போகிற கம்பெனி வேன் ஒன்று என்னைத் தாண்டியது. ஜன்னலில் ஒரு பெண்பிள்ளை. பள்ளிச் சீருடை, ரெட்டைச் சடை, ரிப்பன். பிள்ளைகளைச் சீருடையோடு ஏற்றிக்கொண்டு போய், கம்பெனி வாசலில் மேலே ஒரு பழைய சட்டையை மாட்டிவிடுவார்கள் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அப்படி நடந்ததும் உண்டு. வண்டியை ஓரம் கட்டினேன், வேன் நம்பரை உள்ளங்கையில் எழுதினேன், தொழிலாளர் துறை ஆய்வுக் குழுவுக்குப் போன் போட்டேன். அன்று முழுக்க என்மேல் எனக்கே ஒரு மரியாதை இருந்தது.

மறுநாள் அந்த வேனை வளைவில் மறித்தார்கள். ஆட்களை இறக்கி வயது விசாரித்தார்கள். எழுதி முடிக்கப் பத்தரை மணி ஆயிற்று. டிரைவரிடம் பதினெட்டு வயதுக்குக் கீழ் யாரையும் ஏற்ற மாட்டேன் என்று எழுதி வாங்கினார்கள். கம்பெனிக்காரர்கள் இனி சீருடை ஒன்று வேனில் தெரிந்தாலும் உனக்கு வேலை இல்லை என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள். குழுவிலிருந்து எனக்கு நன்றி சொல்லிப் போன் வந்தது. பிள்ளை பெயர் என்ன என்று நான் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, தொடர்ந்து வராத பிள்ளைகள் பட்டியல் பள்ளியிலிருந்து வந்தது. அதில் சங்கரேஸ்வரி.

ஞாயிற்றுக்கிழமை போனேன். பாண்டியம்மாள் நாற்காலி எடுத்துப் போட்டாள். பிள்ளை சுவரோரம் உட்கார்ந்து காலண்டர் அட்டைகளுக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தது. எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது, பிடிபடவில்லை.

"ஏம்மா, பிள்ளை ஏன் வர்றதில்ல?"

"எதுல வரும்?"

"பஸ் இருக்குல்ல?"

"பஸ்ஸு ஒம்பது மணிக்கு மேலதான் இங்கன வரும். பிரேயர் முடிஞ்சு கேட்டைப் பூட்டுன பெறகு அங்கன போய் எறக்கிவிடும். மூணு நா வெளிய நின்னுச்சு. நாலாம் நா அம்மாவைக் கூட்டிட்டு வான்னுட்டாக. சீசன்ல நான் ஒரு நா நின்னா அந்த எடத்துல வேற ஆளு உக்காந்திருக்கும். அதான் போதும்னு நிப்பாட்டிட்டேன்."

"முன்னாடி எப்படிப் போச்சு?"

"அச்சங்குளம் வேன்ல. போற வழியில பள்ளிக்கூடத்து வாசல்ல எறக்கி விட்டுட்டுப் போவாக. யாரோ ஒரு டீச்சர் நம்பரைக் குறிச்சுக் குடுத்துட்டாகளாம்."

அப்போதுதான் அந்த முகம் பிடிபட்டது. சடை அன்று இருந்த மாதிரி இல்லை, ரிப்பன் இல்லை.

"அந்த டீச்சர் நான்தான்" என்றேன்.

"தெரியும்" என்றாள் பாண்டியம்மாள். "டிரைவரு அண்ணன் ஒங்க வண்டி அடையாளம் சொன்னாக. காப்பி குடிக்கிறீகளா?"

காப்பியை மறுக்க எனக்கு வாய் வரவில்லை. அது கொதிக்கிற நேரத்தில் சங்கரேஸ்வரியிடம் பேச்சுக் கொடுத்தேன். வேனில் யார் யார் என்று கேட்டேன். அவள் கயிறு கோப்பதை நிறுத்தாமல் சொன்னாள். அம்மா ஆறு மணிக்கே போய்விடுவதால் இவள் தனியாகத்தான் எழுந்து கிளம்ப வேண்டும். ஏழேகாலுக்கு டிரைவர் வேல்ச்சாமி தெருமுனையில் இரண்டு ஹாரன் அடிப்பார். இவள் வரவில்லையென்றால் வேனிலிருந்து ஒரு ஆள் இறங்கி வந்து கதவைத் தட்டும். முன் சீட்டு மாரீஸ்வரி அக்கா சடை போட்டுவிடும். சொர்ணம் அக்கா இங்கிலீஷ் பாட்டை ஒப்பிக்கச் சொல்லும்.

"அவுகளுக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"தெரியாது டீச்சர். புஸ்தகத்தை வச்சு எழுத்துக் கூட்டிப் பாத்துக்கிடும். ஒரு வரி விட்டாலும் மொதல்ல இருந்து சொல்லணும்."

காலையில் சாப்பிடாமல் வந்தால் யார் டப்பாவிலாவது இரண்டு இட்லி இருக்கும். மாதத்தில் அந்த மூன்று நாளைக்கு வேண்டியது ராஜாத்தி அக்கா பையில் இருக்கும். மார்க் கார்டில் பெற்றோர் கையெழுத்து, சொர்ணம் அக்கா போட்டது. எத்தனை மார்க் குறைந்தது என்று பார்த்துவிட்டுத்தான் போடும். பள்ளி வாசலில் எட்டு மணிக்கு முன்பே இறக்கிவிட்டால், பெருக்குகிற அந்தோணியம்மா கேட்டைத் திறந்து உள்ளே உட்கார வைக்கும்.

படிவத்தைத் திருப்பி ஒவ்வொரு பெயராக எழுதினேன். வேனில் பதினைந்து பெண்கள், டிரைவர், அந்தோணியம்மா. பதினேழு. ஏற்கெனவே நான் எழுதியிருந்த மூன்று பெயர் மேலே கிடந்தன. எனக்கு அவமானமாக இருந்தது. பதினேழு பேர் சேர்ந்து ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். நான் ஒற்றை ஆளாக ஒரே போனில் அதை நிறுத்தியிருக்கிறேன்.

காப்பியைக் குடித்துவிட்டு, "அடுத்த வாரத்துலேருந்து போகட்டும். கூட்டிட்டுப் போறதுக்கு நான் பொறுப்பு" என்றேன்.

பாண்டியம்மாள் யோசித்தாள். "அனுப்புதேன். ஆனா இன்னொரு தடவ பிள்ளை ரோட்டுல நின்னுட்டுத் திரும்பி வந்துச்சுன்னா, அதோட சரி டீச்சர். வயசுப் பிள்ளையைத் தெனம் ரோட்டுல நிப்பாட்டி வேடிக்கை பாக்க முடியாது."

திங்கட்கிழமை பரமசிவம் சார் முன்னால் அந்தப் படிவத்தை வைத்தேன். ஸ்கேலை வைத்து முன்பக்கம் முழுக்கப் படித்தார். திருப்பினார். பதினேழு பெயரையும் ஒவ்வொன்றாகப் படித்தார். மறுபடி முன்பக்கம் வந்து 'பேருந்து' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பென்சிலை வைத்தார். நான் நடந்ததைச் சொன்னேன்.

"சந்தேகப்பட்டது சரி. போன் பண்ணதும் சரி" என்றார். "ஆனா அன்னிக்கு அந்த வேன் பின்னாலயே ரெண்டு கிலோமீட்டர் போயிருக்கலாம். ஸ்கூட்டர் இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு சார்."

"பெட்ரோல்?"

"இருந்துச்சு சார்."

படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய் அவரைத் திட்டியிருப்பேன். அந்த வாய்ப்பையும் எனக்கு அவர் கொடுக்கவில்லை.

வேனில் ஏற்ற அனுமதி வாங்கலாமா என்று கேட்டேன். கூடாது என்றார். "அது நல்ல விதி டீச்சர். இந்தப் பிள்ளைக்காக ஒரு தடவை வளைச்சா, வேற யாரோ வேற பிள்ளையை ஏத்திக்கிட்டுப் போக வழி ஆயிடும். பஸ்ஸைத்தான் முன்னாடி கொண்டுவரணும்." அன்றே பணிமனைக்கு மனு எழுதினார். காலைப் பேருந்து முக்கால் மணி நேரம் முன்பே புறப்பட வேண்டும் என்று. அதற்குப் பயணிகள் கையெழுத்து வேண்டும்.

மறுநாள் ஏழேகாலுக்கு அந்தத் தெருமுனையில் நின்றேன். வேன் வந்தது. வேல்ச்சாமி என்னைப் பார்த்ததும் இன்ஜினை அணைத்தார். உள்ளே ஏறி, "நான் விசாரிக்காம புகார் கொடுத்தது தப்பு, மன்னிச்சுக்கோங்க" என்றேன். பதினைந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். கணக்கு நடத்தும்போது கூட ஒரு வகுப்பு என்னை இப்படிக் கவனித்ததில்லை.

"அன்னிக்கு எங்க எல்லாருக்கும் அர நாக் கூலி போச்சு" என்றாள் முன் சீட்டில் இருந்தவள். அவள்தான் மாரீஸ்வரி. "அது போகட்டும். எங்க பேரை எல்லாம் எழுதி வச்சிருக்கீகளாமே, பிள்ளை சொல்லுச்சு. எதுக்கு?"

"நல்லதுக்குத்தான்."

"பேரு எழுதுனா நல்லது நடக்கும்னு எங்க ஊர்ல யாரும் சொல்லிக் கேட்டதில்ல. வெடி விபத்துன்னா பேரு எழுதுவாக. கேஸுன்னா பேரு எழுதுவாக. அந்தத் தாளைக் குடுங்க."

கொடுத்தேன். எட்டாக மடித்து டிபன் பைக்குள் வைத்துக்கொண்டாள். பேருந்து மனுவை நீட்டினேன். எழுத்துக் கூட்டி முழுவதையும் வாசித்தவள் சொர்ணம். வேனைப் பற்றியோ பிள்ளையைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை என்று அவள் சொன்ன பிறகு, அந்தப் பேருந்தில் ஒரு நாளும் ஏறாத பதினைந்து பேரும் அதில் கையெழுத்துப் போட்டார்கள்.

அலுவலகத்தில் சார் படிவம் எங்கே என்று கேட்டார். "வேன்ல போயிருச்சு சார்" என்றேன்.

"சரி. புதுசா ஒண்ணு எழுதுங்க. முன்பக்கம் மட்டும்."

பேருந்து நேரம் மாறும் வரை நான் அவளைக் கூட்டிக்கொண்டு போவது என்று ஆயிற்று. ஆசிரியர் பயிற்றுநர் ஒரு பிள்ளையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதற்கு எந்தப் பதிவேட்டிலும் இடம் இல்லை. சார் என் பயணத் திட்டத்தை மாற்றினார். தினமும் முதல் பார்வை அந்த மேல்நிலைப் பள்ளி என்று போட்டுக் கையெழுத்திட்டார். மனு எந்த மேஜையில் இருந்ததோ, நான்கு மாதம் ஆயிற்று. அத்தனை நாளும் நான் அந்தப் பள்ளியைப் பார்வையிட்டேன். அந்தத் தலைமையாசிரியர் தன்மேல் ஏதோ விசாரணை நடக்கிறது என்று முடிவு செய்துவிட்டார். ஆசிரியர்கள் எல்லோரும் நேரத்துக்கு வரத் தொடங்கினார்கள். கழிப்பறைக்குப் புதுக் கதவு போட்டார்கள். நான் எதையும் மறுக்கவில்லை.

தினமும் எட்டு மணிக்குத் தெருமுனையில் ஏற்றிக்கொள்வேன். ஏழேகாலுக்கு வேன் வழக்கம்போல இரண்டு ஹாரன் அடித்து, நின்று, மாரீஸ்வரி இறங்கி, இன்ஜின் ஓட ஓட ரெட்டைச் சடை பின்னி முடித்துவிட்டுத்தான் போகும். நான் வரும்போது பிள்ளை தயாராக இருக்கும். வழியில் வாய்ப்பாடு கேட்பேன். "சொர்ணம் அக்கா மாதிரி கேக்குறீகளே டீச்சர்" என்பாள். அது பாராட்டா என்று எனக்குத் தெரியவில்லை.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும். பாதி வழியில் ஸ்கூட்டர் பஞ்சர். இரு பக்கமும் காடு, கருவேலமும் வெயிலும்தான். தள்ளிக்கொண்டே கடை தேடிப் போய், டியூபை மாற்றி, அந்த ஊர் எல்லையைத் தொடும்போது ஒன்பதாகப் போகிறது. அந்த வீட்டில் யாருடைய நம்பரும் என்னிடம் இல்லை, என் நம்பரும் அவர்களிடம் இல்லை. பிள்ளை நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியிருக்கும். அதோட சரி என்று பாண்டியம்மாள் சொன்னதை வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தேன். அவள் சொன்னால் செய்கிற பெண்.

தெருமுனையில் வேன் நின்றுகொண்டிருந்தது. இன்ஜின் அணைந்திருந்தது. பதினைந்து பெண்களும் இறங்கி ரோட்டோரம் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சங்கரேஸ்வரி, மடியில் புத்தகப் பை. வேல்ச்சாமி டயரில் சாய்ந்து நின்றிருந்தார். பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள், வருடத்திலேயே பரபரப்பான வாரத்தில்.

"நீங்க எல்லாரும் ஏன் போகலை?" என்று கேட்டேன்.

"நேத்தே இருமிக்கிட்டு இருந்தீகளாம், பிள்ளை சொல்லுச்சு. இன்னிக்கு வருவீகளோ மாட்டீகளோன்னு செத்த நின்னு பாத்தோம். எட்டு மணி தாண்டியும் ஆளைக் காணும்" என்றாள் சொர்ணம். "பிள்ளையைத் தனியா ரோட்டுல விட்டுட்டா போவாக?"

"வேன்ல ஏத்திக்கிட்டு..." என்று ஆரம்பித்து நானே நிறுத்திக்கொண்டேன்.

"ஏத்த மாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கேன்லா. அதான் நாங்க எறங்கிட்டோம்" என்றார் வேல்ச்சாமி.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றாமல் இருந்தேன். மாரீஸ்வரி எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, "நம்பரைச் சொல்லுங்க டீச்சர்" என்று செல்போனை எடுத்தாள். "இனி வரலைன்னா முன்னக்கூட்டியே சொல்லிரணும். சும்மா பத்தோட பதினொண்ணா இருக்கக் கூடாது." சொன்னேன். பெயர் என்ன என்று கேட்டாள். இரண்டு மாதமாக அவர்களுக்கு நான் டீச்சர் மட்டும்தான். பெயரையும் சொன்னேன். அவர்கள் வேனில் ஏறிப் போனார்கள். அன்று கம்பெனியில் அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று பிறகு எத்தனை முறை கேட்டும் யாரும் சொல்லவில்லை.

தை மாதம் பேருந்து எட்டேகாலுக்கு வரத் தொடங்கியது. சங்கரேஸ்வரி ஒன்பது முடித்தாள், பத்து முடித்தாள், பதினொன்றில் சைக்கிள் வாங்கினாள். பரமசிவம் சார் ஓய்வு பெற்றுப் போனார். அவர் ஸ்கேலை யாரோ எடுத்துக் கோடு போடப் பயன்படுத்தினார்கள்.

அவள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த காலையில் நான் அலுவலகத்தில் இருந்தேன். அவள் பதிவெண்ணைப் பள்ளியில் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். பிறந்த தேதி எனக்கு மனப்பாடம். பக்கம் திறந்த இரண்டாவது நிமிடம் பார்த்துவிட்டேன். பாஸ். கணக்கில் நல்ல மார்க். கூப்பிட்டுச் சொல்லலாம் என்று போனை எடுத்து, வைத்துவிட்டேன். அவளாகச் சொல்லட்டும் என்று இருந்தது. அன்று அழைப்பு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. குளிக்கப் போகும்போதும் போனைக் கூடவே கொண்டு போனேன். மறந்துவிட்டது பிள்ளை, நல்லதுதான் என்று மூன்றாம் நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்லதாக இல்லை.

நான்காம் நாள் மாரீஸ்வரி பேசினாள். பின்னால் வேன் சத்தம் கேட்டது.

"டீச்சர், நம்ம பிள்ளை பாஸாயிட்டு. எல்லார்ட்டயும் வீடு வீடாப் போயி மிட்டாய் குடுத்து அதுவே சொல்லுச்சு. அந்தோணியம்மாளுக்கும் போய்ச் சொல்லிட்டு வந்துட்டு. ஒங்க வீடு விருதுநகர்ல, தூரமாச்சா, ஞாயித்துக்கெளம நேர்ல வந்துதான் சொல்லுவேன்னு அடம் பிடிக்கி. நான்தான் பொறுக்க மாட்டாம சொல்லிட்டேன். தெரியாத மாதிரி இருந்துக்கிடுங்க."

"அப்படியா, பாஸா? எனக்குத் தெரியவே தெரியாதே" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் மிட்டாயோடு வந்து சொன்னபோது அதையே இன்னொரு முறை சொன்னேன்.